பள்ளிக்கூடப் பிள்ளைகளை உளவு வேலைக்கு எடுக்கிறார்களா?

கேள்வி, 27.09.2025

அண்ணை, நெதர்லாந்தில் 17 வயதுப் பெடியன்கள் இரண்டு பேரை ரஷ்யாவுக்கு உளவு பார்த்தார்கள் என்று பிடித்திருக்கிறார்கள். எனக்கும் 17 வயதுதான். ஏஎல் கணிதப் பிரிவு, கொம்பியூட்டர் என்றால் சாப்பாடு தேவையில்லை. உண்மையிலேயே புலனாய்வுக்காரர் எங்கள் வயதில் ஆட்களைத் தெரிந்தெடுத்து, பிறகு உளவாளியாக்க வளர்க்கிறார்களா? புட்டினையே 16 வயதில் எடுத்துவிட்டார்கள் என்று வகுப்பில் ஒருவன் அடித்துச் சொல்கிறான்.
(கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவன்)

27.09.2025, இரவு

புட்டின் கதையை முதலில் முடித்துவிடுவோம். அவரை யாரும் தேடி வந்து எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது லெனின்கிராட்டில் இருந்த கேஜிபி (சோவியத் உளவுத்துறை) அலுவலகத்துக்குத் தானே போய், சேர வேண்டும் என்று கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். தானாக வருகிறவர்களை நாங்கள் எடுப்பதில்லை, இராணுவத்தில் இருந்துவிட்டு வா, இல்லையென்றால் பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். என்ன படிக்கலாம் என்று கேட்டாராம், சட்டம் என்றார்களாம். சட்டம் படித்தார், 1975-இல் சேர்ந்தார். அப்போது அவருக்கு 22 வயது. உன் நண்பனிடம் இதைச் சொல்.

மற்றதை நாளைக்கு எழுதுகிறேன். நீண்ட பதில் தேவைப்படும் கேள்வி இது.

28.09.2025

நெதர்லாந்துப் பெடியன்கள். ரெலிகிராம் வழியாக யாரோ தொடர்பு எடுத்திருக்கிறார்கள். ஹேக் நகரத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொலிஸ், நீதி அமைப்புகளான யூரோபோல், யூரோஜஸ்ட், அவற்றோடு கனடாத் தூதரகம் இருக்கும் பக்கம் வைஃபை சிக்னல் பிடிக்கும் கருவியோடு அவர்களில் ஒருவன் நடந்து திரிந்தான் என்பதுதான் சந்தேகம். இதில் "எதிர்கால உளவாளி" எங்கே இருக்கிறான்? யாரும் அவனைப் படிப்பிக்கவில்லை, வளர்க்கவில்லை. ஒரு நடைக்குக் காசு. பிடிபட்டால் அடுத்த பெடியனைத் தேடுவார்கள்.

உக்ரைனில் இது இன்னும் கொடுமையாக நடக்கிறது. லேசான காசு என்று ரெலிகிராமில் விளம்பரம் வரும். முதலில் ஏதாவது ஒரு இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். பிறகு இராணுவ வாகனத்துக்கு நெருப்பு வை, அதற்குப் பிறகு இந்தப் பொதியைக் கொண்டுபோய் அங்கே வை. 2025 மார்ச்சில் இவானோ-பிராங்கிவ்ஸ்க் நகரத்தில் 15 வயதிலும் 17 வயதிலும் இரண்டு பெடியன்கள் அப்படி ஒரு பொதியைக் கொண்டுபோகும்போதே அது வெடித்தது. 17 வயதுக்காரன் செத்துவிட்டான். மற்றவனுக்குக் கால்கள் போய்விட்டன. தூரத்திலிருந்து யாரோ வெடிக்க வைத்தார்கள் என்று உக்ரைன் பாதுகாப்புச் சேவை சொன்னது. பொதியைக் கொண்டுபோனவனையும் சேர்த்து முடித்துவிடுவதுதான் அனுப்பியவர்களின் திட்டமாம்.

தம்பி, இதை இரண்டு தடவை வாசி.

29.09.2025

ஆனால் நீ கேட்டது வேறு. தெரிந்தெடுத்து வளர்க்கிறார்களா என்று கேட்டாய். ஓம், வளர்க்கிறார்கள். ஒளித்து மறைத்தும் அல்ல.

அமெரிக்காவில் என்எஸ்ஏ என்ற ஒட்டுக்கேட்கும் உளவு நிறுவனம் பள்ளிக்கூடக் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. 1986-இல் சட்டம் போட்டுத் தொடங்கிய திட்டம். பல்கலைக்கழகச் செலவை அவர்கள் கட்டுவார்கள், கோடை விடுமுறையில் சம்பளத்தோடு வேலை. படிப்பு முடிந்த பிறகு, படித்த காலத்தைப் போல ஒன்றரை மடங்கு காலம் அங்கேயே வேலை செய்து கழிக்க வேண்டும். சிஐஏயிடமும் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு அப்படி ஒரு புலமைப்பரிசில் உண்டு. பிரித்தானியாவில் அதே மாதிரி உளவு நிறுவனமான ஜிசிஎச்கியூ 2016-இல் இருந்து சைபர்பெர்ஸ்ட் என்ற பெயரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வகுப்பும் போட்டியும் நடத்தியது. 2017-இல் 13 முதல் 15 வயது வரையான பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு போட்டி வைத்தார்கள். நத்தாருக்கு 11 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிர்களும் வெளியிடுகிறார்கள். இஸ்ரேலில் மக்ஷிமிம் என்று ஒன்று இருக்கிறது. பெரிய நகரங்களுக்குத் தூரமான ஊர்களில் 16 வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து கொம்பியூட்டர் பாதுகாப்பு படிப்பிப்பார்கள். கட்டாய இராணுவ சேவைக்கு 18 வயதில் போகும்போது அவர்களில் நல்ல கெட்டிக்காரர்கள் 8200 என்ற உளவுப் பிரிவுக்குப் போய்ச் சேருவார்கள்.

இவற்றில் எதுவும் திரைப்படத்தில் வருவது போல இல்லை. விண்ணப்பப் படிவம் இருக்கிறது, தாய் தகப்பனுக்குத் தெரியும், வேண்டாம் என்றால் போகாமல் விடலாம். பெரும்பாலான பிள்ளைகள் கடைசியில் கணக்குப் போடுகிற, கோட் எழுதுகிற, மொழிபெயர்க்கிற வேலையில்தான் இருப்பார்கள். நாற்றுமேடை போட்டு வளர்க்கிறார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

29.09.2025, பின்னேரம்

வடகொரியாவையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கே விண்ணப்பப் படிவம் கிடையாது. 1987 நவம்பரில் தென்கொரிய விமானத்தில் குண்டு வைத்து 115 பேரைக் கொன்ற கிம் ஹியோன் ஹுயி, 1980-இல் பியோங்யாங்கில் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தவர். 18 வயது. கட்சியிலிருந்து ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பெயரையே மாற்றினார்கள். ஏழு வருடம் பயிற்சி. தம்பி, நீ கேட்ட கேள்விக்கு அச்சொட்டான விடை இவர்தான். தெரிந்தெடுத்தார்கள், வளர்த்தார்கள், அனுப்பினார்கள். தென்கொரிய நீதிமன்றம் 1989-இல் மரண தண்டனை கொடுத்தது, அடுத்த வருடம் மன்னிப்புக் கிடைத்தது.

01.10.2025

கனடாவில் இருக்கும் ஒரு அண்ணை, எந்த நாட்டிலும் பெரிய உளவாளி எல்லோரையும் சின்ன வயதிலேயே பிடித்துவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. பிரித்தானிய உளவுத்துறைக்குள் இருந்துகொண்டே சோவியத்துக்கு வேலை செய்த கிம் பில்பியை எடுங்கள். 1912-இல் பிறந்தவர். சோவியத் ஆள் ஆர்னோல்ட் டொய்ச் லண்டன் பூங்கா ஒன்றில் அவரைச் சந்தித்தது 1934-இல். கேம்பிரிட்ஜ் முடித்து வெளியே வந்த 22 வயது இளைஞன் அப்போது. டொய்ச் தேடியது நாளைக்குப் பெரிய பதவியில் உட்காரப் போகிறவர்களை. பள்ளிக்கூடப் பிள்ளை நாளைக்கு எங்கே போய் நிற்பான் என்று யாருக்கும் தெரியாது. இருபதைத் தாண்டிய, நல்ல குடும்பத்து, நல்ல பல்கலைக்கழகத்து ஆள் என்றால் ஓரளவு கணக்குப் போடலாம்.

19 வயதில் உண்மையிலேயே பெரிய இரகசியத்தைக் கொடுத்தவர் தியோடர் ஹோல். அணுகுண்டு செய்த லொஸ் அலமொஸில் 18 வயதில் வேலைக்குச் சேர்ந்த இயற்பியல்காரர். 1944-இல் விடுமுறைக்கு நியூயோர்க் வந்தபோது தானே சோவியத் ஆட்களைத் தேடிப் போனார். யாரும் வலை போடவில்லை. அந்த வயதில் உலகத்தைத் தான் ஒருவனே சரிபண்ணலாம் என்று நம்பும் நெஞ்சு இருக்கும். உளவுக்காரருக்குப் பிள்ளைகளிடத்தில் உண்மையிலேயே பயன்படுவது அந்த நெஞ்சுதான் என்று நினைக்கிறேன். காசு இரண்டாவதுதான்.

02.10.2025

அதே அண்ணை திரும்ப எழுதியிருக்கிறார், 2010-இல் அமெரிக்காவில் பிடிபட்ட ரஷ்ய உளவாளித் தம்பதியின் பிள்ளைகளையும் அடுத்த தலைமுறை உளவாளியாக வளர்த்தார்களாம். அப்படி ஒரு செய்தி வந்தது உண்மை. அந்தப் பிள்ளைகள் அதை மறுத்தார்கள். இளையவர் ரொறன்ரோவில் பிறந்தவர், பெற்றோர் பிடிபட்டபோது 16 வயது. கனடாக் குடியுரிமையைப் பறித்ததை எதிர்த்து வழக்காடி 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். தாய் தகப்பன் யார் என்று தெரியாமலே வளர்ந்த பிள்ளையை உளவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

04.10.2025

இனி எங்கள் ஊர்ப் பக்கம். இதை எழுதுவதா விடுவதா என்று நேற்று முழுக்க யோசித்தேன். முள்ளியவளையிலிருந்து ஒரு அக்கா தன் அனுபவத்தை எழுதிய பிறகு, நானும் எழுதத்தான் வேண்டும் என்று பட்டது. இந்திய இராணுவம் இருந்த காலத்தில், சந்தியில் எல்லோரையும் வரிசையாக நடக்கவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருந்து தலையாட்டினானாம். அவன் கையைப் பார்த்தே அக்காவுக்கு வயது விளங்கியதாம். "மீசை முளைக்காத கை" என்று எழுதியிருக்கிறார்.

தலையாட்டி என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர் முதியவர்கள் இன்றைக்கும் முகம் சுளிப்பார்கள். அதற்குள்ளே ஒரு பதினாறு வயதுப் பிள்ளையும் இருந்திருக்கலாம் என்று நாங்கள் யோசிப்பதில்லை.

இயக்கக் காலத்தையும் மறைக்க முடியாது. 2003 முதல் 2008 முடிய விடுதலைப் புலிகள் பிள்ளைகளைச் சேர்த்ததாக 6,000-க்கு மேற்பட்ட சம்பவங்களை யுனிசெப் பதிந்திருக்கிறது. பிரிந்து அரசோடு நின்ற கருணா குழுவும் பிள்ளைகளைப் பிடித்தது. துவக்குத் தூக்கியவர்களைப் பற்றியே எல்லோரும் கதைக்கிறோம். யார் வீட்டில் புதிதாக ஆள் வந்து நிற்கிறது, யார் சாமான் கட்டுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லப் பிள்ளைகளை வைத்திருந்த கதையை யாரும் எழுதுவதில்லை. என் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தான். எங்களுக்கு அவனிடம் பயம். அவனுக்கும் யாரிடமோ பயம், அது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

2007-இல் பாரிஸில் ஒத்துக்கொண்ட கோட்பாடுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆயுதக் குழுவோ இராணுவமோ 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சண்டைக்கு மட்டுமல்ல, சமையலுக்கும், சாமான் தூக்கவும், தகவல் கொண்டுபோகவும், உளவு பார்க்கவும் வைத்திருந்தாலும் அந்தப் பிள்ளை போரில் பயன்படுத்தப்பட்ட பிள்ளைதான். சமையல்காரனும் உளவு பார்த்தவனும் துவக்குக்காரனும் ஒரே வரிசையில். போருக்குப் பிறகு 594 சிறுவர்களை அம்பேபுஸ்ஸவிலும் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் வைத்துப் புனர்வாழ்வு கொடுத்து அனுப்பினார்கள். பட்டியலில் வராமல் வீட்டுக்குப் போனவர்களுக்கு எதுவும் இல்லை.

05.10.2025

போர் முடிந்து எங்களை வைத்திருந்த முகாமின் கதை. 2009. எனக்கு அப்போது 15 வயது.

ஓமந்தைச் சோதனைச்சாவடியிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள், ஒரு நாள் இயக்கத்தில் இருந்தாலும் வந்து பதியுங்கள் என்று. பதிந்தவர்கள் போய்விட்டார்கள். பதியாதவர்களைத் தேடுவது முகாமுக்குள்ளே தொடர்ந்தது. தண்ணீர் வரிசையில் நிற்கும்போது, சிவில் உடுப்பில் ஒருவர் வந்து கதைப்பார். நல்ல தமிழ். எந்தப் பிரிவு என்று சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கிரிக்கெட் கதைப்பார், பிஸ்கட் தருவார். பிறகு, உங்கள் வரிசையில் புதிதாக வந்த குடும்பம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அதில் என்ன இருக்கிறது? அடுத்த தடவை, அந்த வீட்டு அண்ணைக்குக் காயம் இருக்கிறதா என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். அதற்கடுத்து, வெளிநாட்டில் இருக்கும் என் மாமாவுடன் கதைக்கத் தன் போனைத் தரலாம் என்றார். மாமா உயிரோடு இருக்கிறோமா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா பக்கத்துக் கூடாரத்து இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போய், அவர் வரும் நேரம் பார்த்து தண்ணீர்த் தொட்டியடியில் நின்றார். "என்ன கேட்பதென்றாலும் என்னிடம் கேளுங்கோ ஐயா, பிள்ளையிடம் கேளாதேங்கோ." அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. அந்த மனிதர் சிரித்துவிட்டுப் போனார், என்னிடம் திரும்ப வரவில்லை.

அடுத்த வரிசைப் பெடியனிடம் போனார்.

05.10.2025, பிந்திய இரவு

அந்தப் பெடியனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை அரைகுறை. அவன் என்ன சொன்னான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எதுவுமே சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு இரவு அவர்கள் பக்கத்திலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அதற்கு முதல் நாள் அவன் அந்த மனிதரோடு நின்று கதைத்ததைச் சிலர் பார்த்திருந்தார்கள். அது போதுமாக இருந்தது. மீள்குடியேறி ஊருக்கு வந்த பிறகும் அவன் வீட்டுக் கிணற்றில் யாரும் தண்ணீர் அள்ளவில்லை. கோயில் திருவிழாவில் அவனுக்குக் காவடி தூக்க இடம் கொடுக்கவில்லை. தங்கச்சியின் கல்யாணப் பேச்சு இரண்டு தடவை குழம்பியது. கேட்டவர் இடமாற்றத்தில் போயிருப்பார், பதவி உயர்வும் கிடைத்திருக்கும். பெடியன் ஊரில் இருந்தான்.

வாஷிங்டனில் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் கொடுப்பதையும் எங்கள் முகாமில் பிஸ்கட் கொடுத்ததையும் ஒரே கேள்விக்குள் வைத்துக் கதைக்க என்னால் முடியாததற்குக் காரணம் இவன்தான். முன்னதில் நாட்டுக்கு நாளைக்கு வேலை செய்ய ஒரு ஆள் வேண்டும், அதற்குப் பிள்ளையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பின்னதில் இன்றைக்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் கிடைத்த பிறகு பிள்ளை என்ன ஆனால் என்ன.

07.10.2025

பிரித்தானியாவில் இப்படியெல்லாம் நடக்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடக்கிறது. பொலிஸும் மற்ற அரச அமைப்புகளும் 18 வயதுக்குக் குறைந்தவர்களை இரகசியத் தகவலாளர்களாகப் பயன்படுத்த அங்கே 2000-ஆம் ஆண்டிலிருந்தே ஒழுங்குவிதி இருக்கிறது. 2018-இல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று கேள்வி எழுப்பிய பிறகுதான் பொதுமக்களுக்குத் தெரிந்தது. 2015 தொடக்கத்திலிருந்து 2018 முடிவு வரை அப்படி 17 பிள்ளைகள், அவர்களில் ஒருவருக்கு 15 வயது. போதைப்பொருள் கும்பலுக்குள் ஏற்கனவே சிக்கிய பிள்ளையை, அங்கேயே இருந்து தகவல் சொல் என்று விட்டுவைப்பது. பிள்ளைகளுக்காக வாதாடும் அமைப்பு ஒன்று 2019-இல் உயர் நீதிமன்றம் போய்த் தோற்றது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தாய் தகப்பனுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த விதியில் இருக்கிறது. அப்படி எழுதி வைக்க வேண்டி வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

கிழக்கு ஜெர்மனியின் இரகசியப் பொலிஸான ஸ்டாசி 1989-இல் வைத்திருந்த ஏறக்குறைய 1,73,000 மறைமுக ஆட்களுக்குள்ளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். வகுப்புத் தோழன் என்ன பாட்டுக் கேட்கிறான், யார் தேவாலயத்துக்குப் போகிறான் என்று எழுதிக் கொடுக்க.

08.10.2025

வவுனியாவில் வரலாறு படிப்பிக்கும் நண்பர் ஒருவர் அர்த்தசாஸ்திரத்தை நினைவூட்டினார். உறவினர் இல்லாமல் அரசன் சோறு போட்டு வளர்க்க வேண்டிய பிள்ளைகளுக்குச் சோதிடக் குறி, மாய வித்தை எல்லாம் கற்பித்து ஒற்றர்களாக்கும்படி அதில் சொல்லியிருக்கிறது. வடகொரியாவுக்கு 2,000 வருடம் முந்திய பாடம். யாருமில்லாத பிள்ளை என்பதுதான் அங்கே தகுதி. கேட்க ஒரு தாய் வந்து நிற்காத பிள்ளை. என் முகாம் கதையையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

11.10.2025

கொஞ்சம் வேறு பக்கம். என்னிடம் ரியூசனுக்கு வரும் பிள்ளைகள் இந்த இழையை வாசித்துவிட்டு, ஐஸ்கிறீம் வான்காரரைச் சிஐடி என்று முடிவு செய்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், மழைக்கும் வருகிறாராம். ஒரு சின்னவள் மட்டும், "சிஐடி என்றால் பிறகேன் சேர் மிச்சக் காசு குறைத்துத் தருகிறார்" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் சிரிக்க முடியவில்லை. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இவர்கள். புதிதாக ஒருவர் ஊருக்குள் வந்தால் சிஐடி, அதிகம் கேள்வி கேட்டால் சிஐடி, கேள்வியே கேட்காவிட்டால் கட்டாயம் சிஐடி. பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டுப் பெயர் எடுத்த காலம் ஊருக்குள் விட்டுப்போனது இது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து, அந்தத் தாய்மாருக்குப் பக்கத்தில் போய் இருக்கவே பலர் தயங்குகிறார்கள். யார் படம் எடுக்கிறான் என்ற பயம்.

14.10.2025

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றதால் விசயத்தை மட்டும் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். 16 வயது மகனுக்கு ஒரு வெளிநாட்டு இலக்கத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது. ஊரில் நடக்கும் ஒரு நினைவு நிகழ்வைப் படம் எடுத்து அனுப்பினால் ரீலோட் போடுவார்களாம், வருகிறவர்களின் முகம் தெரிய வேண்டுமாம். அனுப்புவது யார் என்று தெரியாது. அரசாங்கமாக இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களே இருக்கலாம், வெறும் ஏமாற்றுக்காரனாகவும் இருக்கலாம்.

யார் என்று கண்டுபிடிக்க வெளிக்கிட வேண்டாம், அக்கா. அது உங்கள் வேலையில்லை. செய்திகளை அழிக்காமல் ஸ்கிறீன்ஷொட் எடுத்து வையுங்கள். பதில் எழுதாமல் இலக்கத்தைத் தடுத்துவிடுங்கள். ஏற்கனவே ஒரு படம் அனுப்பியிருந்தால் மகனைப் பேச வேண்டாம். பேசினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லமாட்டான், அனுப்புகிறவன் எதிர்பார்ப்பதும் அதைத்தான். நேரில் யாராவது வந்து பிள்ளையிடம் கேட்டால், முகாமில் என் அம்மா செய்தது போல இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நீங்களே போய்க் கதையுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996, வவுனியாவில் அவர்களுக்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. சிறுவர்களை ஆயுதப் போரில் ஈடுபடுத்துவதற்கு எதிரான ஐ.நா. விருப்ப நெறிமுறையை இலங்கை 2000-ஆம் ஆண்டே ஏற்றுக்கொண்டது. முறைப்பாடு எழுதும்போது அதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

17.10.2025

கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறான். சைபர் பாதுகாப்புப் படிக்க ஆசை, ஆனால் இதையெல்லாம் வாசித்த பிறகு வீட்டில் பயப்படுகிறார்களாம்.

தம்பி, படி. கொம்பியூட்டர் பாதுகாப்பு வங்கிக்கும் வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் வேண்டும், ரெலிபோன் கொம்பனிக்கும் வேண்டும். அறிவியல் நகரில் உன் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2021-இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகத்தில் தகவல் தொழில்நுட்பம் இருக்கிறது. பிறகு 25 வயதில், ஒரு அரசு உன்னைக் கூப்பிட்டு இந்த வேலைக்கு வா என்று கேட்டால், அப்போது நீயே யோசித்து ஓம் என்றோ மாட்டேன் என்றோ சொல்லலாம், கடிதத்தில் கையெழுத்துப் போடலாம், பிடிக்காவிட்டால் விலகலாம். இப்போது ரெலிகிராமில் யாராவது "கெட்டிக்காரன் நீ, ஒரு சின்ன வேலை" என்று தொடங்கினால் அம்மாவிடம் போனைக் கொடு.

அம்மாவோடு நான் கதைக்க வேண்டுமென்றால் சொல். ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிப் பக்கம் வருகிறேன். ஏஎல் பழைய வினாத்தாள் கட்டு ஒன்று இருக்கிறது, இணைந்த கணிதம், அதையும் கொண்டுவருகிறேன்.